குற்றியின் நடுவில் ஒரு சத்தம்

ஜனவரி 6, திங்கள்

காப்புறுதிக்காரர் ஒருவர் மரம் அறுக்கிற எங்கள் மரக்காலைக்கு மூன்று டயரி இலவசமாகத் தந்துவிட்டுப் போனார். ஒன்றை நான் எடுத்துக்கொண்டேன். ருமேனியாவுக்கு வேலைக்குப் போகும்வரை எழுதலாம். போன பிறகு நேரம் இருக்காது.

காலையில் லொறியில் வேப்பங்குற்றி வந்தது. பரந்தன் பக்கம் ஒரு பாடசாலை வளவில் நின்ற மரம், கார்த்திகை மழையில் சரிந்ததாம். அடியில் மூன்றரை அடி அகலம், பன்னிரண்டு அடி நீளம், வளைவு என்று ஒன்று இல்லை. இங்கே மெக்கானிக்காகச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது, இப்படி ஒரு குற்றியைக் கண்டதில்லை. முதலாளி ஞானச்செல்வம் அண்ணை அதைச் சுற்றிச் சுற்றி நடந்தார். யாழ்ப்பாணத்தில் புதிய ஹோட்டல் ஒன்றுக்கு ஒற்றைப் பலகை மேசைகள் கேட்டிருக்கிறார்கள். ஒட்டில்லாத பலகை, மூன்று அங்குலத் தடிப்பு. பொங்கல் முடிந்த கையோடு கொடுக்க வேண்டும்.

ஆனால் வன்னியில் குற்றியை நேரே வாளில் ஏற்ற முடியாது. சண்டைக்கு முந்திய மரம் எதுவென்றாலும் உள்ளே செல் பீஸ், அதாவது குண்டுச் சிதறல், இருக்கலாம், துவக்குச் சன்னம் இருக்கலாம். பட்டை மூடி வளர்ந்திருக்கும், வெளியே தெரியாது. பாண்ட்சோ வாள் என்பது இரண்டு சக்கரத்தில் ஓடுகிற உருக்கு நாடா. இரும்பில் பட்டால் அறுந்து சாட்டை மாதிரி வெளியே வரும். றெஜி அண்ணையின் காதிலிருந்து வாய்வரை ஓடுகிற தழும்பு அப்படி வந்தது. வாளுக்கு முன்னால் நிற்பவர் அவர்தான்.

அதற்காகத்தான் தயாளினி அக்கா. பதினொரு வருடம் கண்ணிவெடி அகற்றியவர். ஆட்குறைப்பில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், இப்போது மெட்டல் டிடெக்டரால் எங்கள் குற்றிகளைத் தடவுகிறார். வெடி இருக்கிற நிலத்தைத் தடவுகிற மாதிரியே, முழங்காலில் இருந்து, சாண் சாணாக. ஒரு குற்றிக்கு அரை நாள். எனக்குப் பொறுமை இல்லை என்பார்கள். இதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவனுக்கு எப்படிப் பொறுமை வரும்?

“பெல்ட்டைக் கழட்டும்.”

“நான் அங்கால பக்கம்தானே அக்கா நிக்கிறன்.”

“கழட்டும். போனையும் வையும். அந்தக் கடப்பாரையைக் கொண்டுபோய்த் தகரத்துக்குப் பின்னால போடும். குற்றி உருளாமல் ரெண்டு பக்கமும் ஆப்பு வச்சிட்டு, நீர் ரெண்டு மீற்றர் தள்ளி நில்லும்.”

ஆப்பு செதுக்கி இறுக்க ஒரு மணித்தியாலம் போகும். நான் தோளைக் கொடுத்துப் பிடித்துக்கொள்கிறேன் என்றேன். அவருக்கு விருப்பமில்லை. முதலாளி மணிக்கூட்டைப் பார்த்தபடி நின்றதால் பேசாமல் விட்டார். குற்றியின் நடுவில் இடது தோளைக் கொடுத்து உட்கார்ந்தேன்.

ஜனவரி 7, செவ்வாய்

சத்தம் வந்தது. மேல்பக்கம், நீளத்தில் சரியாக நடுவில். அக்கா கண்ணை மூடிக்கொண்டு மூன்று தடவை தடவினார்.

“ஆழத்தில கிடக்கு. பெரிசில்லை. ஆனா கிடக்கு.” சிவப்புக் குச்சியைக் குத்தினார்.

முதலாளிக்கு முகம் செத்துவிட்டது. நடுவில் இருந்தால் எந்தப் பலகையும் முழுதாக வராது. நாளை செயின்சோவால் தோண்டி எடுப்பது என்று முடிவு.

வீட்டுக்கு வந்தபோது அம்மா தோளுக்கு எண்ணெய் சூடாக்கி வைத்திருந்தார். இடது தோளில் எனக்கு ஒரு செல் பீஸ் இருக்கிறது. ஏழு வயதில் வந்தது. முகாமில் இருந்த டொக்டர் தொடாமல் விடச் சொன்னார். மாரிக்காலத்தில் உள்ளுக்குள் வலித்து உளையும். அவ்வளவுதான், எழுத வேறு ஒன்றும் இல்லை.

“இருவதாம் திகதி மெடிக்கலில, எக்ஸ்ரேயில தெரியுமோடா?”

“தெரியாதம்மா.”

“கேட்டாலும் வாய் திறந்திடாதை. காயத்தைக் கண்டா உடன எங்கை, எப்ப, ஆரெண்டு கேக்கத் தொடங்கிடுவாங்கள். போனமுறை போன பெடியன் ஒருத்தனை அதாலதான் திருப்பினவங்களாம்.”

வெளிநாட்டுக்கு ஆள் எடுப்பது முதலாளியின் மச்சான். அவர் காதுக்குப் போனால் மெடிக்கலுக்கு முதலே என் பெயரை வெட்டிவிடுவார். அது அம்மாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இரும்பு எக்ஸ்ரேயில் வெள்ளையாக விழும் என்பது எனக்கு மட்டும் தெரியும்.

ஜனவரி 8, புதன்

இவ்வளவு மோசமான நாள் இந்த மரக்காலையில் இருந்ததில்லை.

செயின்சோ மூக்கை இறக்கி நான்தான் தோண்டினேன். நாலு அங்குலம், ஒன்றுமில்லை. நான் திரும்பப் போய்த் தோளைக் கொடுத்துப் பிடிக்க, அக்கா தடவினார். சத்தம் அதே இடத்தில். ஆறு அங்குலம். சத்தம். எட்டு அங்குலம். சத்தம். கடைசியில் குழந்தையைக் குளிப்பாட்டலாம் போல ஒரு குழி. அதற்குள் ஒரு ஆணி கூட இல்லை.

வேம்புக்குள் இரும்பு இருந்தால் சுற்றிக் கறுப்பு ஊறியிருக்கும். மை கொட்டியது மாதிரி இருக்கும், மறைக்க முடியாது. இந்தக் குழி முழுக்க நல்ல சிவப்பு. நான் அதை எல்லாருக்கும் முன்னால் சொன்னேன்.

“கறுப்பு இல்லையெண்டா இரும்பு இல்லை. உங்கட மெஷின் பொய் சொல்லுது அக்கா.”

“மெஷின் பொய் சொல்லாது.”

“அப்ப நீங்கள்தான் பிழையாக் கேக்கிறியள்.”

அவர் ஹெட்போனைக் கழற்றிக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றார். முதலாளி கத்தியதை இங்கே எழுத முடியாது. றெஜி அண்ணை மட்டும் குழிக்குள் எட்டிப் பார்த்து, “தண்ணி விட்டா மீன் வளக்கலாம்” என்றார். யாரும் சிரிக்கவில்லை.

ஜனவரி 9, வியாழன்

மதியம் அக்கா சாப்பிடப் போன நேரம் டிடெக்டரை எடுத்துச் சோதித்தேன். முறையாகச் செய்தேன். சுத்தமான தேக்குப் பலகை ஒன்றை இடது தோளில் சாய்த்துப் பிடித்து, வலது கையால் தடவினேன். சத்தம். வேறு பலகை. சத்தம். பலாப் பலகை, அதற்கும் சத்தம். ஐந்து பலகை பார்த்தேன், ஐந்திலும் கத்தியது. மெஷின் பழுது. முதலாளியிடம் போய்ச் சொன்னேன்.

பின்னேரம் டீசல் எடுத்துக்கொண்டு திரும்பி வந்தபோது அவர்கள் எல்லாரும் அதே பலகைகளைச் சுற்றி நின்றார்கள். அக்கா தடவிக் காட்டியிருக்கிறார். ஒன்றிலும் சத்தம் இல்லை. ஒரு போல்ட்டை வைத்ததும் கத்தியதாம்.

“நீ போனாப்பிறகு அது நல்ல பிள்ளையா இருக்கு,” என்றார் றெஜி அண்ணை. “உன்னிலதான் என்னவோ ஏறியிருக்கு.”

“வேலையைப் பாருங்கோ அண்ணை.”

முதலாளி குழியைக் காட்டினார். “மெஷின் நல்லதெண்டா இது என்ன தயாளினி? சொல்லும்.”

அக்கா குழியின் ஓரத்தில் கையை வைத்தார். “பதினொரு வருசம் எனக்குப் பிழைக்கேல்லை,” என்றார், அவரைப் பார்த்து இல்லை, குழியைப் பார்த்து.

அக்காவைச் சனிக்கிழமையோடு வேலையை விட்டு நிற்கச் சொல்லிவிட்டார் முதலாளி. இனிக் கண்ணால் பார்த்து வெட்டுவதாம்.

ஜனவரி 10, வெள்ளி

மேல் சக்கரத்துக்குக் கிறீஸ் அடித்தேன். வேறு ஒன்றுமில்லை.

ஜனவரி 11, சனி

றெஜி அண்ணை சொன்ன பகிடி மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. சந்தேகம் இருந்தால் அளந்து பார்க்க வேண்டும், அப்படித்தான் படித்தேன்.

மதியம் தகரத்துக்குப் பின்னால் போனேன். காற்சட்டையில் பொத்தானும் சிப்பும் இருக்கிறது என்பதற்காகச் சாரம் மாற்றிக்கொண்டேன். போன், மணிக்கூடு, மோட்டார்சைக்கிள் திறப்பு எல்லாம் தூர வைத்தேன். பிறகு என்னையே தடவினேன்.

கால்: இல்லை. இடுப்பு: இல்லை. நெஞ்சு: இல்லை. வலது தோள்: இல்லை.

இடது தோள்: நடுவில், பின்பக்கம். ஆழம் இரண்டு அங்குலம் இருக்கலாம். பெரிசில்லை.

மூன்று தடவை பார்த்தேன். மெஷினில் எந்தப் பழுதும் இல்லை.

பின்னேரம் தயாளினி அக்கா சாப்பாட்டுப் பெட்டியைப் பையில் வைத்துக்கொண்டு வந்தார். டிடெக்டர் அவருடைய சொந்தம், அதையும் மடித்துக் கட்டியிருந்தார்.

“தம்பி, நான் மேல்பக்கம் மட்டும்தான் பாத்தனான். குற்றியின்ர கீழ்ப்பக்கம் பாக்கேல்லை. சொல்லிப்போட்டன்.”

“சரி அக்கா,” என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன்.

ஜனவரி 12, ஞாயிறு

நிதானமாக யோசித்தால் இப்படி. சொன்னால் முதலாளிக்குத் தெரியும். முதலாளிக்குத் தெரிந்தால் அவருடைய மச்சானுக்குத் தெரியும். மெடிக்கலுக்கு இன்னும் ஒரு கிழமை. மச்சான் தெரிந்துகொண்டு அனுப்பமாட்டார். எக்ஸ்ரேயில் விழுந்தால் விழட்டும், அதைப் படிக்கிறவன் அவசரக்காரனாக இருந்தால் தப்பலாம்.

கீழ்ப்பக்கத்தில் இரும்பு இருக்கிறது என்று யார் சொன்னது? போன வருடம் வந்த குற்றிகளில் ஐந்தில் ஒன்றில்தான் ஏதாவது இருந்தது. அப்படியென்றால் ஐந்தில் நாலு தடவை ஒன்றும் நடக்காது. நல்ல கணக்கு.

றெஜி அண்ணை வாளுக்கு முன்னால் நிற்கும்போது சாரத்தை மடித்துக்கட்டி, கழுத்தை முன்னால் நீட்டி, கோட்டைப் பார்த்தபடி நிற்பார். கணக்கில் இது வராது.

அம்மா இரண்டு தடவை ஏன் சாப்பிடவில்லை என்று கேட்டார்.

ஜனவரி 13, திங்கள்

பாண்ட்சோவுக்குக் குற்றி பெரிது. அதனால் முதலில் செயின்சோவால் நீளத்துக்கு இரண்டாகப் பிளந்தோம். இரண்டு இரும்புச் சட்டத்தைத் தண்டவாளம் மாதிரி அடித்து, செயின்சோவின் நாலு அடி பாரை அதன்மேல் தள்ளிக்கொண்டு போக வேண்டும். சங்கிலியை நாலு தரம் தீட்டினேன். ஒவ்வொரு தடவை பல் கொஞ்சம் இறுகும்போதும் கை விசையிலிருந்து தானாக எடுபட்டது.

“என்னடா, இண்டைக்குப் பொம்பிளைப்பிள்ளை மாதிரிப் பிடிக்கிறாய்?” என்றார் முதலாளி.

“சங்கிலி சூடு.”

சங்கிலி சூடாகவில்லை.

பிளவு சுத்தமாக வந்தது. உள்ளே ஈரச் சிவப்பு, நடுவில் தேன் நிறக் கோடுகள். குழி விழுந்த மேல்பாதியை ஒருபக்கம் தள்ளிவிட்டோம். ஹோட்டலுக்குப் பலகை இனிக் கீழ்ப்பாதியில்தான். தடவாத பாதி. புதன்கிழமை வாளில் ஏற்றுவது.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். பால் வடக்குப் பக்கம் பொங்கியதால் அம்மாவுக்குச் சந்தோசம். அந்தப் பக்கத்தில்தான் ருமேனியா இருக்கிறதாம். இருக்கிறதுதான், வடமேற்கில்.

றெஜி அண்ணை சைக்கிளில் வந்து பொங்கல் சாப்பிட்டார். ஒவ்வொரு வருடமும் வருவார், அவர் கிறிஸ்தவர், நத்தாருக்கு நாங்கள் அவர் வீட்டுக்குப் போவோம். அம்மா அவருக்கு நெய் விடும்போது அவர் கன்னத்தைப் பார்த்தார். சாப்பிடும்போது அந்தப் பக்கத்தால் மெல்லமாட்டார்.

“இப்பவும் உளையுதோ தம்பி?”

“மாரியில மட்டும் அம்மா. வாள் குடுத்த முத்தம், லேசில விடாது.” என்னைப் பார்த்துத் திரும்பினார். “நாளைக்கு உன்ர ராசாத்தியை, அந்த வேப்பங்குற்றியை, வாளில ஏத்துவம். நாலு பலகை ஒரே மாதிரி எடுத்துத் தாறன், பார்.”

நான் எழும்பிக் கை கழுவப் போனேன்.

ஜனவரி 15, புதன்

எட்டு மணிக்குக் கீழ்ப்பாதி, குற்றியை வாளுக்குத் தள்ளுகிற வண்டிலில் ஏறிவிட்டது. றெஜி அண்ணை புது வாளைச் சக்கரத்தில் மாட்டி, விரலால் சுண்டிப் பார்த்து, இறுக்கம் சரி என்றார். மெயினைப் போடுவது என் வேலை. பெட்டியைத் திறந்தேன். திறந்து பியூஸைக் கழற்றிக் காற்சட்டைப் பைக்குள் போட்டேன்.

“மோட்டரில ஒரு பிழை. கொஞ்ச நேரம் பொறுங்கோ.”

முதலாளி ஏதோ கத்தினார். நான் மோட்டார்சைக்கிளில் ஏறிவிட்டேன்.

தயாளினி அக்கா தன் வீட்டுக் கிணற்றடியில் பொங்கல் பானை மினுக்கிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டும் கை நிற்கவில்லை.

“என்ன, குற்றி கதைக்கத் தொடங்கிட்டுதோ?”

சுற்றி வளைத்துப் பேச எனக்குத் தெரியாது. “அக்கா, மெஷின் பிழையில்லை. நீங்களும் பிழையில்லை. என்ர இடது தோளில பீஸ் இருக்கு. நான் குற்றியைப் பிடிச்சுக்கொண்டிருந்தன்.”

கை நின்றது.

“உமக்கு இது எப்ப விளங்கினது?”

“சனிக்கிழமை.”

“நான் வெளிக்கிடேக்க?”

“அதுக்கு முதல். மத்தியானம்.”

கையில் இருந்த தேங்காய்த்தும்பை என்மேல் எறிந்தார். சாம்பல் கண்ணுக்குள் போய்விட்டது.

“விசரா! நான் திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போய்க் காது பாத்தனான் தெரியுமோ? காதில ஒண்டுமில்லையாம். ஒண்டுமில்லையெண்டா மண்டைதான் பழுதெண்டு நினைச்சன். நான் தடவிவிட்ட காணியில சனம் வீடு கட்டி இருக்குதுகள். பிள்ளையள் ஓடித் திரியுதுகள். அதுகளை நினைச்சு ஒரு கண் நித்திரை இல்லை. உனக்குச் சொல்ல வாய் இல்லை!”

அவர் என்னை நீ என்றது இதுதான் முதல் தடவை. மெடிக்கல், மச்சான் என்று தொடங்கினேன். “அது உன்ர பாடு” என்றார். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே போய் டிடெக்டரோடு வெளியே வந்து, என் மோட்டார்சைக்கிளில் பின்னால் ஏறினார்.

மரக்காலையில் எல்லாரும் மோட்டரைச் சுற்றி நின்றார்கள். முதலாளி வாயைத் திறக்கும் முன்னமே பெல்ட், போன், திறப்பு, மணிக்கூடு எல்லாவற்றையும் மேசையில் வைத்தேன். சேர்ட்டைக் கழற்றி, அவர்களுக்கு முதுகு காட்டி நின்றேன்.

“பிடியுங்கோ அக்கா.”

அவர் ஹெட்போன் வயரைக் கழற்றிவிட்டுப் பிடித்தார். எல்லாருக்கும் கேட்டது.

அக்கா மெஷினைக் கீழே இறக்கினார். பிறகு றெஜி அண்ணை, “அப்ப நாங்கள் தோண்டினது பிழையான குற்றி” என்றார்.

“உந்த விசயத்தை ஏன்டா முதலே சொல்லேல்லை?” முதலாளியின் குரல் கத்துகிற குரலாக இருக்கவில்லை.

“இருவதாம் திகதி மெடிக்கல்.”

அவருக்கு விளங்கியது. மேல்பாதியின் குழியைப் பார்த்தார், என் தோளைப் பார்த்தார். “மச்சானுக்கு நான் சொல்லமாட்டன். சேர்ட்டைப் போடு.” பிறகு அக்காவிடம் திரும்பி, “தயாளினி, நான் கதைச்சதை…” என்று தொடங்கினார்.

“பிறகு கதைப்பம். முதல்ல ஆப்பு செதுக்கச் சொல்லுங்கோ.”

இரண்டு ஆப்பையும் நானே செதுக்கினேன். ஒரு மணித்தியாலம் எடுக்கவில்லை. அக்கா காலால் மண்ணில் ஒரு கோடு இழுத்து என்னை அதற்கு அங்கால் விட்டார். ஹெட்போனைத் திரும்ப மாட்டிவிட்டார், அங்கிருந்து எனக்குச் சத்தம் கேட்காது. அவர் கையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். சாண் சாணாகப் போனது. நடுவைத் தாண்டிப் போனது. அங்கே ஒன்றும் இல்லை. முனைக்கு ஒரு முழம் இருக்கும்போது நின்றது. கண்ணை மூடினார். பின்னால் போய், முன்னால் வந்து, திரும்பப் பின்னால் போனார்.

கை சிவப்புக் குச்சிப் பைக்குள் போனது.

தோண்டியது றெஜி அண்ணை. பட்டைக்குக் கீழே இரண்டு அங்குலத்தில் கறுப்பு தொடங்கியது, மை கொட்டியது மாதிரியேதான். அதற்குள் பாதிப் பாக்களவில் ஒரு துண்டு, ஓரமெல்லாம் பல்லுப் பல்லாக. முதல் பலகைக்கு வாள் நுழைகிற முனை அது. றெஜி அண்ணை நிற்கிற இடத்திலிருந்து கை நீட்டினால் தொடலாம்.

அவர் அதை உள்ளங்கையில் வைத்துக் கனநேரம் பார்த்தார். பகிடி ஒன்றும் விடவில்லை. என்னிடம் கை நீட்டினார். துண்டைத் தரத்தான் என்று நினைத்தேன்.

“பியூஸைத் தா,” என்றார்.

ஜனவரி 17, வெள்ளி

மூன்று பலகை முழுதாக வந்தது. ஹோட்டல்காரர் வந்து பார்த்தார். ஒதுக்கிப்போட்ட மேல்பாதியில் இருந்த குழியைத் தடவிப் பார்த்து, இது என்ன வேலைப்பாடு என்று கேட்டார். “கைகழுவுற பேசின் வைக்க விட்டது, எங்கட இஞ்சினியர் போட்ட டிசைன்” என்றார் முதலாளி, கண் இமைக்காமல். அதற்கும் ஓடர் கிடைத்துவிட்டது.

அக்கா என்னோடு இன்னும் நேரே கதைப்பதில்லை. குற்றிக்குக் கிட்டப் போனால் மட்டும், “கோடு” என்கிறார்.

ஜனவரி 20, திங்கள்

யாழ்ப்பாணத்தில் மெடிக்கல். என்னோடு சேர்த்துப் பதினாலு பேர். வெளியே மரவாங்கில் அம்மா பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முதலாளியின் மச்சான் வரிசையில் வந்து ஒவ்வொருவர் காதிலும் சொன்னார்: “என்ன கேட்டாலும் இல்லை. நோய் வருத்தம் இல்லை, ஒப்பரேசன் இல்லை, ஒண்டும் இல்லை. விளங்கினதோ?”

எல்லாரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன்.

எக்ஸ்ரே அறை குளிர். தோள் உளைந்தது. என்னைவிட இரண்டு மூன்று வயது கூடின ஒரு பெண்பிள்ளை, கண்ணை நிமிர்த்தாமல் பெயரை எழுதினார்.

“பெல்ட், போன், சங்கிலி எல்லாத்தையும் கழட்டி அந்தத் தட்டில வையுங்கோ.”

வைத்தேன். போன கிழமை வைத்த அதே ஒழுங்கில் வைத்தேன்.

“உடம்பில வேற இரும்பு ஏதும் இருக்கோ?”

கேள்வி அச்சடித்த தாளில் இருந்தது. பேனை ‘இல்லை’ என்ற பெட்டிக்கு மேல் ஏற்கனவே நின்றது. நான் பேசாமல் நின்றாலே போதும், அது தானாக விழுந்துவிடும். கதவுக்கு அங்கால் அம்மா இருமுவது கேட்டது.

“ஓம்,” என்றேன். “இடது தோள், பின்பக்கம், ரெண்டு அங்குலம். அடையாளம் வையுங்கோ.”